எண்ணெய் மட்டும் சூடானால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்ராறியோவில் சிறு விமானம் ஓட்டப் பழகும் நம்மவர்களுக்காகத் தங்கள் இதழில் வெளியான குளிர்காலக் குறிப்புகளில், புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னர் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியைச் சூடாக்கினால் போதும் என்று எழுதப்பட்டிருந்தது. பாதி சரிதான், ஆனால் விடுபட்ட பாதியே எஞ்சினைத் தேய்ப்பது என்பதால் இதை எழுதுகிறேன்.

செஸ்னா 172 போன்ற விமானங்களில் எஞ்சினின் வெளிக்கூடு அலுமினியத்தாலும், உள்ளே சுழலும் கிராங்க் தண்டு உருக்காலும் ஆனவை. குளிரில் அலுமினியம் உருக்கைவிட ஏறக்குறைய இரு மடங்கு சுருங்குவதால், தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குகளுக்கும் இடையே இருக்கும் மயிரிழை இடைவெளி இன்னும் குறுகிவிடுகிறது. எண்ணெயை எவ்வளவு இளக்கினாலும், அது புகுவதற்கு இடம் போதாதபோது உலோகம் உலோகத்தோடு உரசும். எண்ணெய் அழுத்தமானியோ அந்த வேளையிலும் நல்ல அளவைக் காட்டக்கூடும். விமான எஞ்சின்களைத் தயாரிக்கும் லைகமிங் நிறுவனம் தன் பெரும்பாலான எஞ்சின்களுக்கு மைனஸ் 12 பாகை செல்சியஸுக்குக் கீழே முன்சூடாக்கலை வலியுறுத்துகிறது. அவ்வாறு சூடாக்கும்போது தொட்டியோடு சிலிண்டர்கள், எண்ணெய்க் குழாய்கள், எண்ணெய் குளிர்விப்பான் ஆகியவற்றுக்கும் வெப்பம் சேர வேண்டும் என்றும் அது சொல்கிறது.

தொட்டியின் அடியில் ஒட்டும் சூடேற்றித் தகட்டை மட்டும் வைத்திருப்பவர்கள், எஞ்சின் மூடிமேல் கனத்த போர்வை போர்த்தி, முன்பக்கக் காற்றுத் துளைகளை அடைத்து, முதல் நாள் இரவிலிருந்தே மின்சாரம் கொடுத்தால் வெப்பம் மெல்ல மேலேறும். சிலிண்டர்களுக்கும் தனித்தனிச் சூடேற்றி பூட்டுவது அதைவிட நல்லது. தகட்டை ஒட்டுவது எளிய வேலையாகத் தோன்றினாலும், பெயின்ரைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கு அறவே நீங்கத் துடைத்த பரப்பில்தான் பசை பிடிக்கும். சான்றளிக்கப்பட்ட விமானமாயின், அந்த வகைக்கு அங்கீகரிக்கப்பட்ட கருவியைத் தெரிவுசெய்து, உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியியலாளரைக் கொண்டு பொருத்திப் பதிவேட்டில் ஒப்பமிடச் செய்தல் வேண்டும்.

காருக்குள் வைக்கும் சிறு மின்சூடேற்றியை எஞ்சின் மூடிக்குள் செருகிவிட்டு வீட்டுக்குப் போய் உறங்குபவர்களும் இருக்கிறார்கள். பெற்றோல் ஆவி தேங்கக்கூடிய இடத்தில் பழுக்கக் காய்ந்த கம்பிச்சுருளை ஆளில்லாமல் விட்டுச் செல்வதைச் சிக்கனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஒவ்வொரு நாள் காலையும் மாணவர்கள் எஞ்சின்களை முடுக்கிக்கொண்டிருக்கும் பருவம் இது. எனவே அடுத்த இதழிலேயே இத்திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஒன்ராறியோ, கனடா