காலம் சுட்டும் ஆங்கிலத் தொடர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆங்கிலத்தில் காலத்தைக் குறிக்க மணிக்கு 'அட்', நாளுக்கு 'ஆன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்' என்று சூத்திரம்போல் கற்பிப்பது போதாது என்பது என் உறுதியான கருத்து. 'இன் த மார்னிங்' என்று பழகிய மாணவர், கிழமையின் பெயர் சேர்ந்தவுடன் அது 'ஆன் மண்டே மார்னிங்' ஆகிவிடுவதையும், 'லாஸ்ட்', 'நெக்ஸ்ட்', 'திஸ்' ஆகியவை வந்தால் 'ஆன்' போன்ற முன்னிடைச்சொல்லே மறைந்து 'ஐ மெட் ஹிம் லாஸ்ட் மண்டே' என வாக்கியம் அமைவதையும் கண்டு திகைக்கிறார். காலையில், இரவில், மே மாதத்தில் என நம் மொழியில் ஏழாம் வேற்றுமை உருபு ஒன்றே பலவற்றுக்கும் பொருந்துவதால் இத்திகைப்பு இயல்பானதே. ஆகவே, தங்கள் நாளிதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில் இம்முன்னிடைச்சொற்களைத் தனியே பட்டியலிடாமல் முழு வாக்கியங்களில் வைத்தே விளக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்