பகல் பாராமல் பூக்கும் செடி

பண்ணைக்காடு

அன்புள்ள நண்பர் சிவலிங்கம் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். இங்கே மழை ஓய்ந்து காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

தானாகப் பூக்கும் கஞ்சா விதை என்று தங்கள் பேரன் சொன்னது என்னவென்று கேட்டிருந்தீர்கள். சம்பா பயிரிட்ட தங்களுக்கு இதை விளக்குவது எளிது. பழைய சம்பா ரகங்கள் பகல் குறுகினால்தான் கதிர் விடும். ஆடுதுறை 36 போன்ற குறுவை ரகமோ வயது நிரம்பியதும் கதிர் விட்டுவிடும். கஞ்சாவிலும் இவ்விரண்டு வகைகளும் உண்டு.

தானாகப் பூப்பது என்பது அந்தக் குறுவை போன்ற குணம்தான்; அது வடக்கிலிருந்து வந்தது. 1924இல் யானிஷெவ்ஸ்கி என்ற ருஷ்யத் தாவரவியலாளர், தம் நாட்டில் தானாக முளைத்துக் கிடந்த குட்டைச் செடியொன்றை ருடெராலிஸ் என்று பெயரிட்டு விவரித்தார். அதன் விதை சிறியது, மேல்தோலில் பளிங்குக்கல் போல வரியோடியது, முற்றியதும் உதிர்ந்துவிடுவது. அங்கே கோடைப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல் நீளும். அது குறையட்டும் என்று காத்திருக்கும் செடியை உறைபனி முந்திக்கொள்ளும். ஆகவே, முளைத்த சில வாரங்களிலேயே பூத்து விதை தள்ளியவையே அங்கே வம்சம் தழைத்தன.

இந்தக் குணம் பெரும்பாலும் ஒரே மரபணுவைச் சார்ந்த ஒடுங்கு பண்பு; அதாவது, தாய், தந்தை இரு வழியிலும் வந்தால்தான் வெளிப்படும். சாதாரணச் செடியோடு கலந்தால் முதல் தலைமுறை பகல் நீளத்துக்கே கட்டுப்படும். அவற்றைத் தம்முள் கலந்தால், மெண்டலின் பட்டாணியில் கண்டதுபோல, ஏறத்தாழ நான்கில் ஒன்று தானாகப் பூக்கும். அந்தச் செடிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பெருக்கினால் குணம் நிலைத்துவிடும். பின்லாந்தில் எண்ணெய் வித்துக்காக வளர்த்தெடுத்த பினோலா என்ற சணல்வகைக் கஞ்சாவும் இப்படிப் பூப்பதுதான்.

எங்கள் கொடைக்கானல் மலை பூமத்திய ரேகைக்கு 10 பாகை வடக்கில் இருக்கிறது. பகல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 11½ முதல் 12¾ மணி நேரம்தான். நீண்ட பகல் பூப்பைத் தடுக்கும் தொல்லையே இங்கில்லை. அப்படியிருக்க, இந்த விதையைப் புதுமை என்று இங்குள்ள பிள்ளைகள் தேடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் தனித்த விதை கஞ்சா என்ற சொல்லுக்குள் வராது என்பது உண்மை. ஆனால் அதை மண்ணில் ஊன்றி, அரசின் உரிமமின்றிச் செடி வளர்ப்பது குற்றம். பேரனிடம் இதைத் தாங்களே பொறுமையாகச் சொல்லுங்கள்.

தங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மாப்பிள்ளைச் சம்பாவை ஆவணியிலும் புரட்டாசியிலும் தனித்தனியாக விதைத்த வயல்களில், கதிர் வந்த தேதிகள் எவ்வளவு நெருங்கியிருந்தன? குறித்து வைத்திருந்தால் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
இராமநாதன்