‘ஹவுண்ட் டாக்’ முதலில் யார் பாட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் இசை பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பாடகர் எல்விஸ் பிரெஸ்லியைப் பற்றி எழுதியிருந்ததெல்லாம் சரி. ஆனால் ‘எல்விஸின் ஹவுண்ட் டாக்’ (வேட்டை நாய்) என்று போட்டுவிட்டு, அந்தப் பாட்டை முதலில் பாடியவரின் பெயரை ஓர் இடத்தில்கூடச் சொல்லாமல் விட்டது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அவர் பெயர் பிக் மாமா தார்ன்டன். அலபாமாவில் பிறந்த கருப்பினப் பெண். 1952 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் அந்தப் பாட்டைப் பதிவு செய்தார். எழுதி மெட்டுப்போட்ட ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் இருவருக்கும் அப்போது வயது 19. ஹூஸ்டனில் இருந்த பீகாக் கம்பெனி 1953 தொடக்கத்தில் இசைத்தட்டாக வெளியிட்டது. பில்போர்ட் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 7 வாரம் முதலிடத்தில் இருந்தது. அத்தனை பேர் காசு கொடுத்து வாங்கிய தட்டு எப்படி மறந்துபோனது என்று கேட்கலாம். கருப்பின மக்களின் பாட்டுக்குப் பட்டியலே தனியாக வைத்திருந்த காலம் அது. அந்தப் பட்டியலில் ஜெயித்த பாட்டு வெள்ளையர் வீட்டு ரேடியோவுக்குப் போய்ச் சேர, பாடுகிறவர் மாற வேண்டியிருந்தது.

எல்விஸ் பாடியதைப் பள்ளிக்கூட நாட்களிலேயே அண்ணனின் கேசட்டில் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். தார்ன்டனைக் கேட்டது போன வருஷம்தான், அண்ணன் மகள் போனில் போட்டுக் காட்டியபோது. முதல் சொல்லிலேயே தூக்கிவாரிப்போட்டது. வாசற்படியில் நின்று ஒருவனை விரட்டுகிற குரல். பீட் லூயிஸின் கிட்டார் பக்கத்திலேயே நின்று வாய்க்கு வாய் பதில் சொல்கிறது. கிட்டார் தனியாக ஒலிக்கும் இடத்திலும் அந்த அம்மா சும்மா இருப்பதில்லை, நடுநடுவே பேசி அவரை உசுப்பிவிடுகிறார். கடைசியில் வாத்தியக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து நாய் மாதிரி ஊளையிடுகிறார்கள். மொத்தமே மூன்று நிமிஷத்துக்குள்.

அப்போதுதான் அந்தப் பாட்டின் அர்த்தமே எனக்குப் புரிந்தது. நாய் என்று அவர் சொல்வது, தண்டச்சோறு தின்ன வாசலில் வந்து மோப்பம் பிடிக்கிற ஆம்பளையை. நீ எவ்வளவு வாலை ஆட்டினாலும் இனி இங்கே சோறு கிடையாது என்கிறார். லாஸ் வேகாஸில் ஆடிப்பாடிக்கொண்டிருந்த ஃப்ரெடி பெல் குழுவினர் இந்த வரிகளையெல்லாம் மாற்றி, முயல் பிடிக்கத் துப்பில்லாத ஒரு நாயைப் பற்றிய பாட்டாக ஆக்கினார்கள். 1956இல் எல்விஸ் அங்கே கேட்டது அதைத்தான். பாட்டை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் கோபத்தை எடுத்துவிட்டார்கள். இத்தனை வருஷமாக நானும் நிஜ நாய் என்றே நினைத்துப் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எல்விஸ் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. 1956 ஜூலையில் நியூயார்க்கில் 30 தடவைக்கு மேல் பாடிப் பாடித்தான் அந்தப் பதிவை எடுத்தார். அந்த டிரம்ஸ் சத்தத்துக்கு இன்றைக்கும் என் கால் தானாகத் தாளம் போடும். ஆனால் அவர் தட்டு லட்சக்கணக்கில் விற்றது. தனக்கு வந்தது 500 டாலருக்கு ஒரே ஒரு செக், அதற்கப்புறம் ஒன்றும் இல்லை என்றார் தார்ன்டன். 1984இல் காலமானார். ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தது 2024இல்.

ஆர்தர் க்ருடப் என்ற கருப்பினப் பாடகரின் கதை இதைவிட வேதனை. எல்விஸின் முதல் தட்டில் வந்த ‘தட்ஸ் ஆல் ரைட்’ அவர் எழுதியது. 1946இலேயே சிகாகோவில் அவரே பாடிப் பதிவு செய்தது. எல்விஸ் பேட்டியில் அவர் பெயரைச் சொல்லிப் புகழ்ந்திருக்கிறார். ஆனாலும் க்ருடப் வயிறு கழுவியது பண்ணைக் கூலி வேலையில். பின்னாளில் ராயல்டி பாக்கிக்கு ஓர் உடன்பாடு பேசி முடித்து, பணம் கைக்கு வர வேண்டிய கடைசி நேரத்தில் அதுவும் கைவிட்டுப் போனது. 1974இல் இறந்தார்.

இன்னும் இருக்கிறார்கள். ஜெர்ரி லீ லூயிஸ் பாடிப் பிரபலமான ‘ஹோல் லாட்டா ஷேக்கின்’ பாட்டை இரண்டு வருஷம் முன்பே, 1955இல், பிக் மேபெல் பாடியிருக்கிறார். பின்னால் வேறொருவர் பாடி உலகமே ஆடிய ‘ட்விஸ்ட்’, முதலில் ஹாங்க் பாலர்ட் எழுதி ஒரு தட்டின் பின்பக்கத்தில் வந்த பாட்டு.

இந்தப் பழைய பதிவுகள் எல்லாம் இன்று போனிலேயே கிடைக்கின்றன. ஆனால் பெயர் தெரிந்தால்தானே தேட முடியும்? உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுத் தேடுகிற பிள்ளைகள் எல்விஸோடு நின்றுவிடுவார்கள். பெரிய திருத்தமெல்லாம் வேண்டாம். அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில் ஒரு வரி போடுங்கள்: ஹவுண்ட் டாக், முதலில் பாடியவர் பிக் மாமா தார்ன்டன், 1952.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
பாளையங்கோட்டை