கோத்தகிரி வண்டி கண்டக்டர் அண்ணனுக்கு நன்றி

கீமோ முடிந்து கோவையிலிருந்து திரும்பும்போது மேட்டுப்பாளையம் தாண்டினாலே அம்மாவுக்குக் குமட்டல் ஆரம்பித்துவிடும். அந்த வளைவுகள் நல்ல உடம்பையே புரட்டி எடுக்கும். நீங்கள் முன் சீட்டைப் பிடித்து வைத்தீர்கள். கையில் தயாராக ஒரு கவர், கீறின எலுமிச்சம்பழம். அம்மாவுக்காக வண்டியை ஓரங்கட்டினதற்கு முணுமுணுத்தவர்களையும் நீங்களே சமாளித்தீர்கள்.

அதைவிடப் பெரிய உதவி, ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு ஊட்டி கலெக்டர் ஆபீஸுக்குப் போய் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் பதியச் சொன்னது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டென்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். (சொந்தக்காரர்கள் சொன்னதெல்லாம் பத்தியம்தான்!) நகையை அடகு வைக்கக் கிளம்பிய அப்பா அதோடு நின்றார்.

பெயர் கேட்டால் விசிலடித்துவிட்டுப் பின்பக்கம் போய்விடுகிறீர்கள். அம்மாவுக்கு இன்னும் கீமோ பாக்கி இருக்கிறது. உங்கள் வண்டிக்கே வருவோம், அண்ணா.