மரியோ மெட்டும் இசைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

சினிமா இசை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள், சரி, வீடியோ கேம் இசைக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கக் கூடாதா? நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் 90களில் மஞ்சள் கேசட்டைச் செருகி டிவி கேம் ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள், மரியோ என்கிற நாயகன் குதித்துக் குதித்து ஓடும் விளையாட்டின் மெட்டு இன்றும் மனப்பாடமாக இருக்கும். நாம் ஆடியது பெரும்பாலும் நகல் பெட்டிகள். அவற்றின் அசல், 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கேம் பெட்டி. அதில் ஒலிக்கு மொத்தமே ஐந்து தடங்கள்: மெட்டுக்கு இரண்டு, அடிநாதத்துக்கு ஒன்று, தாளத்துக்கு வெறும் இரைச்சல், அப்புறம் சின்னச் சின்ன ஒலிப்பதிவுகளுக்கு ஒன்று. இதை வைத்துக்கொண்டுதான் நின்டெண்டோவின் இசையமைப்பாளர் கோஜி கோண்டோ 1985இல் மரியோ இசையைப் போட்டார். மரியோ குதிக்கும்போது உற்றுக் கேளுங்கள், அந்தச் சத்தத்துக்கு இடம் விட்டு இசையில் ஒரு குரல் சற்றே ஒதுங்கும், ஆனாலும் பாட்டு அறுந்துபோகாது. என்ன ஒரு கெட்டிக்காரத்தனம்!

2023இல் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் அதைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது, வீடியோ கேம் இசைக்கு அதுவே முதல்முறை. இங்கேயோ கீபோர்டு வகுப்பில் பிள்ளை அதை வாசித்தால், "விளையாட்டை விட்டுட்டு பாட்டை வாசி" என்று அதட்டுகிறார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஞாயிறு இணைப்பில் கோண்டோவைப் பற்றி ஒரு கட்டுரை போடுங்கள்.

ஒரு வாசகர்,
தக்கலை