மினி லேத் வாங்குபவர்களுக்கு ஐடிஐயில் சனிக்கிழமை வகுப்பு வைக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை கணபதியில், சுழலும் உலோகத்தை உளியால் சீவி உருவாக்கும் லேத் பட்டறைகளிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்ற டர்னர், அதாவது கடைசல்காரன், நான். இப்போதெல்லாம் இணையத்தில் ஆர்டர் போட்டால் சுமார் 40 கிலோ மினி லேத் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது, அதை கார் ஷெட்டில் வைத்துக்கொண்டு ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள், ரோபோ செய்கிற கல்லூரிப் பசங்கள், ரிட்டையர் ஆன பேங்க்காரர் என்று யார் யாரோ கடைசல் பழகுகிறார்கள். எனக்கு சந்தோஷம்தான். ஆனால் எங்கள் தெருவில் ஒருவருக்கு மெஷினோடு வந்த கையேட்டைப் புரட்டினேன், எந்த நட்டு எங்கே என்று பக்கம் பக்கமாகப் படம், பாதுகாப்புக்கு மட்டும் ஒரு பத்தி!

மெஷின் சின்னது என்று அசட்டையாக இருக்காதீர்கள். அரைக் குதிரைத்திறன் மோட்டார் சட்டைக் கையைச் சுற்றிப் பிடித்தால் கையையும் சேர்த்துத்தான் இழுக்கும். முழுக்கைச் சட்டை, மோதிரம், துப்பட்டா, கழுத்தில் தொங்கும் ஆபீஸ் அடையாள அட்டை எதுவும் ஆகாது. கைக்குப் பாதுகாப்பு என்று நினைத்து கிளவுஸ் மாட்டுவது இன்னும் மோசம். உலோகத் துண்டைக் கவ்விச் சுழற்றும் பிடிதான் சக், அதை இறுக்குவது சக் சாவி. அந்தச் சாவியிலிருந்து கையை எடுக்கும்போது சாவியும் சக்கை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும், பட்டறையில் புதுப் பையனுக்கு முதல் திட்டு விழுவதே இதற்குத்தான்.

அப்புறம் டூல், அதாவது வெட்டும் உளியின் உயரம். ஃபேசிங் பண்ணி, அதாவது துண்டின் முகப்பைச் சமமாகச் சீவி முடித்ததும் நடுவில் மொட்டு மாதிரி ஒரு துளி மிச்சம் நின்றால் டூல் முனை சென்டரில் இல்லை என்று அர்த்தம். மெஷினை நிறுத்திவிட்டு, உருண்டையான ஜாபின் (கடையும் துண்டின்) பக்கவாட்டுக்கும் டூல் முனைக்கும் நடுவில் மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை லேசாகக் கவ்வ விட்டுப் பாருங்கள். நேராக நின்றால் சரி. ஸ்கேலின் தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் இறங்கியிருக்கிறது, அடியில் தகடு கொடுத்துத் தூக்க வேண்டும். அந்தப் பக்கம் சாய்ந்தால் ஏறியிருக்கிறது. அரை நிமிஷ வேலை.

வீடு கட்டி மிஞ்சிய டிஎம்டி கம்பியைக் கொண்டுவந்து, டூல் மழுங்குகிறதே என்று கேட்கிறார்கள். அந்தக் கம்பியைத் தயாரிக்கும்போதே சூட்டோடு தண்ணீர் பாய்ச்சி மேல்தோலை இறுக்கிவிடுகிறார்கள், போதாததற்கு மேலெல்லாம் வரி வேறு, டூல் மழுங்காமல் என்ன செய்யும்? பழகுவதற்கு அலுமினியம், பித்தளை போதும். பிறகு மைல்ட் ஸ்டீலுக்கு வரலாம். 25 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீலுக்கு ஹைஸ்பீடு ஸ்டீலில் செய்த டூல் என்றால் நிமிடத்துக்கு 300 சுற்று தாராளம். 2500 வரை ஓடுகிற மெஷின்தானே என்று வேகக் குமிழைத் திருகினால் முனை கருகிவிடும்.

இதெல்லாம் வீடியோ பார்த்து வராது, பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லித்தர வேண்டும். ஐடிஐயில் டர்னர் படிப்பு இரண்டு வருஷம், வேலைக்குப் போகிறவர்கள் அதில் சேர வழியில்லை. அரசு ஐடிஐக்களில் கட்டணம் வாங்கிக்கொண்டே சனிக்கிழமைகளில் சில வாரக் குறுகிய பயிற்சி நடத்தலாம். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்ற பேச்சே இந்த ஊரில் வேண்டாம், என்னைப் போல ஓய்வு பெற்ற டர்னர்கள் கணபதியிலும் பீளமேட்டிலும் எத்தனையோ பேர் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம். உங்கள் நாளிதழ் இதை வேலைவாய்ப்பு, பயிற்சித் துறையின் காதில் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டர்னர்,
கணபதி, கோவை.