ஹாலேயிலிருந்து அப்பாவுக்கு

ஹாலே,
நவம்பர் கடைசி வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஜெர்மனியின் இந்த ஊரில் சாயங்காலம் நாலேகாலுக்கெல்லாம் இருட்டு. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. பாலும் அரிசியும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும். தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும், நசுங்கியிருந்தால் இயந்திரம் வெளியே தள்ளிவிடும். அம்மா கேட்ட ஊர்ச்செய்தி இவ்வளவுதான். இனி நீங்கள் கேட்டது: சிஷேவ்ஸ்கி என்ற உக்ரைன் அறிஞர் யார், நீங்கள் செய்துவரும் ஹெராக்ளிடஸ் மொழிபெயர்ப்புக்கு அவர் எப்படி உதவுவார் என்பது.

த்மித்ரோ சிஷேவ்ஸ்கி 1894இல் உக்ரைனில் அலெக்சாந்திரியா என்ற ஊரில் பிறந்தவர் (எகிப்து அலெக்சாந்திரியா அல்ல). பீட்டர்ஸ்பர்க்கில் கணிதமும் வானியலும் தத்துவமும், பிறகு கீவில் படிப்பு. போல்ஷெவிக்குகளுக்கு எதிரணியான மென்ஷெவிக் சோஷலிஸ்ட் கட்சிக்காரர் என்பதால் போல்ஷெவிக் ஆட்சியில் இருக்க முடியாமல் 1921இல் ஜெர்மனிக்கு வந்தார். ஹைடல்பர்க்கில் யாஸ்பர்ஸ், ஃப்ரைபர்க்கில் ஹுஸ்ஸர்ல் என்ற தத்துவ அறிஞர்களிடம் பாடம் கேட்டார். 1924இலிருந்து பிராகில் உக்ரைன் அகதிகள் நடத்திய கல்லூரிகளில் ஆசிரியர். 1932இல் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மொழி விரிவுரையாளர். மனைவி யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் மேலே ஏற வழியே இல்லை, 1945 வரை அதே வேலைதான். சோவியத் படை ஊருக்குள் வருவதற்கு முன் எல்லாப் புத்தகங்களையும் விட்டுவிட்டு மார்பர்க் போனார். பிறகு 1949 முதல் 1956 வரை ஹார்வர்ட். அதன்பின் ஹைடல்பர்க், 1977இல் இறக்கும்வரை.

உங்கள் மொழிபெயர்ப்பு வேலைக்கு நேரடியாகப் பயன்படுவது பிராக் காலம். 1927இல் பிளேட்டோவுக்கு முந்தைய கிரேக்கத் தத்துவத்துக்கு உக்ரைன் மொழியில் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார், தானாகப் படித்துக்கொள்கிறவர்களுக்காக. அந்தச் சிந்தனையாளர்களின் நூல் ஒன்றுகூட முழுசாக இல்லை. பின்னால் வந்தவர்கள் மேற்கோள் காட்டிய துண்டுகள்தான் மிச்சம். அவற்றை 1903இல் ஜெர்மன் அறிஞர் ஹெர்மன் டீல்ஸ் எண்ணிட்டு வரிசைப்படுத்தினார். ஏ என்றால் ஒருவரைப் பற்றி மற்றவர்கள் சொன்னது, பி என்றால் அவருடைய சொந்த வாக்கு. அந்தச் சிந்தனையாளர்களில் ஒருவரான ஹெராக்ளிடஸை மட்டும், தொடக்கத் துண்டுகள் ஒன்றிரண்டு நீங்கலாக, மேற்கோள் காட்டியவர்களின் பெயர் அகரவரிசையில் அடுக்கினார். மூல நூலின் வரிசையை ஊகிக்கக் கூடாது என்பது அவர் முடிவு. இது தெரியாமல் பி 10, பி 11, பி 12 என்று வரிசையாக மொழிபெயர்க்கிறவர், இல்லாத தொடர்ச்சியைக் கண்டு “எனவே”, “ஆகையால்” என்று இணைப்புச் சொற்களைச் செருகிவிடுவார். அடிக்கடி நடக்கும் பிழை இது. துண்டு எண்ணோடு அதைக் காப்பாற்றித் தந்தவர் யார் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். திருச்சபைத் தந்தை (ஆதிக் கிறித்தவ எழுத்தாளர்) ஒருவர் வழியாக வந்த வாக்கில் அவருடைய நோக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஹெராக்ளிடஸின் ‘லோகோஸ்’ (சொல், நியதி என்று பல பொருள் தரும் கிரேக்கச் சொல்) பற்றிக் கேட்டிருந்தீர்கள். உக்ரைன் மொழியில் ‘ஸ்லோவோ’ என்று போட்டால் வாசகர் காதில் ‘ஆதியிலே வார்த்தை இருந்தது’ என்ற யோவான் சுவிசேஷத்தின் முதல் வரி ஒலிக்கும். தமிழில் ‘வார்த்தை’ என்று போட்டாலும் அதே கதைதான், ஹெராக்ளிடஸ் தேவாலயத்துக்குள் போய்விடுவார். பி 50ஐப் பாருங்கள்: என்னைக் கேளாமல் லோகோஸைக் கேட்டு, எல்லாம் ஒன்று என ஒப்புக்கொள்வதே அறிவு என்கிறது. அங்கே ‘ஒப்புக்கொள்’ என்பதற்குக் கிரேக்கத்தில் ‘ஹோமோலோகெயின்’, அதாவது அதே லோகோஸைச் சொல்வது. ஆகவே ‘சொல்’ என்று வைத்துக்கொண்டு, “சொல்லைக் கேட்டு எல்லாம் ஒன்று என ஒத்துச் சொல்வது” என்றால் எதிரொலி தமிழிலும் நிற்கும். பி 48க்கு இப்படி வழி கிடையாது. வில்லுக்கும் வாழ்வுக்கும் கிரேக்கத்தில் அழுத்தம் மட்டுமே வேறு, எழுத்துகள் ஒன்றே. பெயர் வாழ்வு, வேலை சாவு என்பது அந்தச் சிலேடை. அதற்கு அடிக்குறிப்புதான்.

சிஷேவ்ஸ்கியின் பெரிய நூல்களில் 1931இல் பிராகில் வந்த உக்ரைன் தத்துவ வரலாறும், 1934இல் வார்சாவில் வந்த, பதினெட்டாம் நூற்றாண்டு உக்ரைன் தத்துவவாதி ஸ்கோவோரோடா பற்றிய ஆய்வும் முக்கியம். முதலாவதில் ‘இதயத் தத்துவம்’ என்று ஒரு சரடு பிடித்து ஸ்கோவோரோடா, எழுத்தாளர் கோகோல், தத்துவவாதி யூர்கேவிச் மூவரையும் கோக்கிறார். ஓர் இனத்துக்கே குணச்சித்திரம் எழுதும் அந்தப் பக்கங்கள் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவது நூல் வலுவானது. நாடோடிப் போதகராகவே பேசப்பட்டு வந்த ஸ்கோவோரோடாவை ஜெர்மன் மறைஞானிகளின் பக்கத்தில் வைத்து, உருவகத்துக்கு உருவகம் ஒப்பிடுகிறார். ஒப்புமை வேறு, தாக்கம் வேறு என்பதை மட்டும் படிக்கும்போது மறந்துவிடக் கூடாது.

ஹாலேயில் அவர் செய்ததுதான் உலகம் அறிந்தது. ஃபிராங்கே அறக்கட்டளை என்று 1698இல் அநாதை விடுதியாகக் கட்டத் தொடங்கிய பெரிய வளாகம் இங்கே இருக்கிறது. தரங்கம்பாடிக்குப் போன பாதிரியார் சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716இல் இந்த விடுதியின் அச்சகத்தில்தான் அச்சானது. ஆவணக் காப்பகத்தில் நம் ஓலைச்சுவடிகளும் உண்டு. செக் நாட்டு அறிஞர் கோமேனியஸ் 1670இல் ஆம்ஸ்டர்டாமில் இறந்தபோது, மனித காரியங்களைச் சீர்திருத்துவது பற்றிய ஏழு பாகப் பெருநூலை முடிக்காமல் விட்டுப் போனார். முதல் பாகம் 1702இல் இதே ஹாலேயில் மறுபடி அச்சானது, ஆனால் பெரும்பகுதி தொலைந்ததாகவே கருதினார்கள். 1930களின் நடுவில் சிஷேவ்ஸ்கி இந்தக் காப்பகத்தில் அந்தக் கையெழுத்துப் படிகளைக் கண்டெடுத்தார். முழு லத்தீன் மூலம் பிராகில் அச்சேறியது 1966இல்தான்.

அதற்கு முன்பே, 1960இல், கல்வி பற்றிய ‘பாம்பேடியா’ பாகத்தை ஹைடல்பர்கில் இன்னும் இருவரோடு சேர்ந்து லத்தீன் மூலமும் ஜெர்மன் பெயர்ப்புமாக அவர் பதிப்பித்திருந்தார். ஏழு பாகங்களின் பெயரும் ‘எல்லாம்’ என்று பொருள்படும் கிரேக்க ‘பான்’ என்றே தொடங்கும் (‘பாம்பேடியா’வில் அது ‘பாம்’ என்று திரிந்திருக்கிறது). ஜெர்மனில் அதை ‘ஆல்’ என்று கொண்டுவந்தார்கள். நூலின் சாரம் மூன்றே சொல்: எல்லோருக்கும், எல்லாவற்றையும், முற்றாக. லத்தீனில் மூன்றும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. தமிழில் இரண்டு தானாக அமைகிறது, மூன்றாவதற்கு ‘எல்லா வகையிலும்’ என்று வைத்தால் மூன்றும் சேரும் என்று தோன்றுகிறது. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

காப்பகத்தில் பென்சில் மட்டும்தான் அனுமதி, பை வெளியே பூட்டறையில் போய்விடும். வெளியூர் நூலகப் புத்தகத்தை இங்கேயே வரவழைக்க 1.50 யூரோ. சிக்கல் சிஷேவ்ஸ்கியின் பெயரில்தான். ஜெர்மன் அட்டவணையில் டி எஸ் சி எச் என்று நாலெழுத்தில் தொடங்குவார், அறிவியல் எழுத்துப்பெயர்ப்பில் கொக்கி போட்ட ஒற்றை சி, ஆங்கிலத்தில் சி எச். மூன்றையும் தனித்தனியாகத் தேடாவிட்டால் பாதி நூல்கள் கண்ணில் படாது. சோவியத் காலத்தில் சொந்த நாட்டில் அச்சேறாத அவருடைய தத்துவ நூல்கள் 2005இல் கீவில் நான்கு தொகுதிகளாக வந்தன. அதில் எது வேண்டும் என்று எழுதுங்கள், பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறேன். பி 50க்கு நீங்கள் போட்ட வரியையும் மறக்காமல் எழுதுங்கள்.

அம்மாவிடம் ஊறுகாய் நல்லபடியாக வந்து சேர்ந்தது என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்